மேனித் தடிப்பும் மருந்தின் மீது விழும் பழியும்

“எனக்குப் பென்சிலின் ஆகாது” என்று கூறுவோர் நம் கிராமங்களில் ஒரு சிலரேனும் உளர். எப்பொழுது தெரிந்தது என்று வினவினால், “சிறு வயதில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது” என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். தடித்தது மருந்தினாலா, காய்ச்சலினாலா என்பதை அன்று எவரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் அச்சொல் மட்டும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அவரை விடாது தொடர்ந்து வரும். இதைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் குடியானவர்களும் அறிய வேண்டிய சிலவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலின், 1955 முதல் நம் நாட்டிலேயே புனேயை அடுத்த பிம்பிரியில் அரசாங்கத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யப்பட்டது. ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகியவை அதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை பாக்டீரியா என்னும் கிருமிகளை அழிப்பவை. வைரசினால் உண்டாகும் காய்ச்சலுக்கு இவற்றால் யாதொரு பயனும் இல்லை. ஆனால் தொண்டை வலியும் காய்ச்சலும் சேர்ந்து வரும்பொழுது, காரணம் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது எளிதன்று. ஆகவே வைரஸ் காய்ச்சலுக்கும் இம்மருந்து கொடுக்கப்பட்டுவிடுகிறது.

எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் ஒன்று உண்டு. சிறு குழந்தைகளிடம் இது பெரும்பாலும் அடையாளமின்றி வந்து போய்விடும். வளர்ந்த பிள்ளைகளுக்கு வந்தாலோ, கடுங்காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் கழுத்தில் நெறி கட்டுதலும் காணும். இந்நிலையில் ஆம்பிசிலின் உண்டவர்களுக்குச் சில நாள்கள் கழித்து உடம்பெங்கும் செம்புள்ளிகள் தோன்றுவதை 1967-இல் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர். ஏறக்குறைய எல்லோருக்கும் இது வரும் என்று அக்காலத்தில் கருதினர். அமாக்சிசிலின் உண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்க்கே வருவதாகப் பின்னைய ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வைரசை எதிர்த்துப் போரிடும் உடல் அவ்வேளையில் கிளர்ச்சியுற்று இருப்பதால், மருந்தையும் தற்காலிகமாகப் பகையாகக் கொள்கிறது. நோய் நீங்கியபின் அதே மருந்தை அவர்களுள் பெரும்பாலோர் தீங்கின்றி உண்ண முடிகிறது. சிலருக்கு மட்டும் ஒவ்வாமை நிலைத்துவிடுவதும் உண்டு.

மருந்தே உண்ணாவிடினும் தடிப்பைத் தரும் காய்ச்சல்கள் பல. டெங்குவில் சுரம் தணியும் தருணத்தில் மேனி சிவந்து, இடையிடையே வெண்திட்டுகள் தெரியும். அதற்கு முந்தைய நாள் ஒரு மாத்திரை விழுங்கியிருந்தால் போதும், பழி முழுவதும் மாத்திரையின் தலையில் விழுந்துவிடும்!

தடிப்புத்தானே, அம்மருந்தைத் தவிர்த்துவிட்டால் போகிறது என்று சிலர் எண்ணலாம். அவ்வாறு அன்று. தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல் இளம் பிள்ளைகளின் இருதய வால்வுகளைக் கெடுப்பது. அது மீண்டும் வராமல் தடுக்க மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் பென்சிலின் ஊசி போடப்படுகிறது. பென்சிலின் ஆகாது என்ற பெயர் பெற்ற பிள்ளை, அதற்கு ஈடாக நாள்தோறும் வேறு மாத்திரை உண்டு வரவேண்டும்; அறுவடைக் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் அது தவறாமல் நடக்கும் என்று யார் உறுதி கூற முடியும்? சிபிலிஸ் நோய் கண்ட கர்ப்பிணியின் வயிற்றுச் சிசுவைக் காக்க வல்லதாக உறுதிப்பட்டதும் பென்சிலின் ஒன்றே. மேலும், எளிய மருந்தை விலக்கி வீரியம் மிக்கவற்றைக் கையாளக் கையாள, எதற்கும் அடங்காத கிருமிகள் பெருகுகின்றன.

அமெரிக்காவில் பத்தில் ஒருவர் பென்சிலின் ஆகாதவர் என்று குறிக்கப்பட்டுள்ளனர். முறைப்படி சோதித்தால் அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அம்மருந்து ஒத்துக்கொள்கிறது. மெய்யான ஒவ்வாமை இருந்தவர்களிலும் நூற்றுக்கு எண்பது பேருக்குப் பத்தாண்டுகளில் அது மறைந்துவிடுகிறது.

நிற்க. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஒரு மாத்திரையை விழுங்கிப் பார்க்க எவரும் துணிய வேண்டாம். பட்டாவில் பிழையாக ஏறிய பெயரை நாமே அடித்துத் திருத்துவதில்லையே. உரிய அதிகாரியிடம் அல்லவா மனுச் செய்கிறோம்? இதற்கும் வசதியுள்ள மருத்துவமனையில் தோல் சோதனையும், சிறிது சிறிதாக மருந்து கொடுத்துக் கவனிக்கும் முறையும் உள்ளன. எவரைச் சோதிக்கலாம் என்பது மருத்துவர் முடிவு. மருந்து உண்ட ஒரு மணி நேரத்திற்குள் காஞ்சொறி பட்டாற்போல் தடித்து, உதடும் இமையும் வீங்கி, மூச்சுத் திணறினால் அது மெய்யான ஒவ்வாமை, உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தோல் கொப்புளித்து உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாயினும் தாமதியாமல் மருத்துவமனை சேர்க்க வேண்டும். அவ்வாறு புண்ணானவர்கள் அம்மருந்தை வாழ்நாள் முழுதும் தீண்டலாகாது.

ஆதலின் மருந்து உண்டு தடிப்புக் கண்டால் சில விவரங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தல் நலம்: மருந்தின் பெயர், தேதி, உண்ட எத்தனை மணி அல்லது எத்தனை நாளில் தடித்தது, மூச்சு முட்டியதா, அப்பொழுது இருந்த காய்ச்சல் யாது. “ஊசி ஒத்துக்கொள்ளவில்லை” என்று மொட்டையாகச் சொல்வதைவிட இக்குறிப்பு மருத்துவருக்குப் பன்மடங்கு உதவும். கிராம சபை கூடும் ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் உறுப்பினர்கள் இதை எடுத்துச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் அழைத்துப் பேசச் செய்யலாம். சீட்டின்றிக் கடையில் இம்மருந்துகளை வாங்கும் வழக்கத்தையும் அப்பொழுதே கண்டிக்கலாம். சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.