கிளாஸ் குரூப்பைச் சீராக்குவது எப்படி?

ஜூனில் தொடங்கும்போது கிளாஸ் குரூப் (வகுப்புப் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழு) ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆகஸ்ட் வருவதற்குள் காலை வணக்கப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், யாரோ தட்டிவிட்ட லோன் விளம்பரம் என்று நிரம்பிவிடுகிறது. நாளைய தேர்வுக்கு எந்தப் பாடம் என்பதை அந்தக் குவியலுக்குள் தேட வேண்டியிருக்கிறது. குழுவையே கலைத்துவிடலாமா என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். குழுவைக் கலைத்தால் பெற்றோர் தங்களுக்குள் இன்னொன்றைத் தொடங்குவார்கள்; அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இத்தகைய குழுக்கள் பரவலானது 2020 ஊரடங்கில்தான். பள்ளி மூடிக் கிடந்தபோது பாடம், வீட்டுப்பாடம், சந்தேகம், கட்டண நினைவூட்டல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வழிதான் இருந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. பல வீடுகளில் இணைய வசதியுள்ள கைபேசி ஒன்றே ஒன்று. அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு மேல்தான் திரும்புகிறது. வீட்டுப்பாடம் குழுவில் மட்டுமே வந்தால், அந்த வீட்டுப் பிள்ளை அதற்குப் பிறகுதான் எழுத உட்கார முடியும். எழுதி முடித்ததும் கைபேசி கையிலேயே இருக்கிறது, அடுத்து ரீல்ஸ்தான்.

குழு எல்லை மீறியதற்குச் சில அடையாளங்கள் உண்டு. கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் டைரியில் எழுதாமல், “குரூப்ல போட்டுடுங்க மிஸ்” என்பார்கள். கணக்கு நோட்டுகளைத் திருத்தும்போது ஒரே கூட்டல் பிழை நான்கைந்து நோட்டுகளில் ஒரே வரியில் இருக்கும். யாரோ ஒருவர் அனுப்பிய படம் வீடு வீடாகச் சுற்றியிருக்கிறது என்று பொருள். மூன்றாவது அடையாளம் கண்ணில் எளிதில் படாது. மாணவர்கள் தங்களுக்குள் இன்ஸ்டாகிராமில் வேறொரு குழு வைத்திருப்பார்கள். அதிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளை திங்கட்கிழமை மதிய உணவுக்குத் தனியாக உட்காரும். ஓரிரு நாள் தொடர்ந்தால் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். வகுப்பு முன்னால் விசாரிக்க வேண்டாம்.

முதல் வேலையாக, குழு அமைப்புகளில் செய்தி அனுப்பும் அனுமதியை அட்மின்களுக்கு (குழுவை நிர்வகிப்பவர்கள்) மட்டும் என்று மாற்றுங்கள். அட்மின்களாக வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் இருந்தால் போதும். அடுத்தது கைபேசி எண்கள். சாதாரணக் குழுவில் ஒருவர் எண்ணை எல்லாரும் பார்க்கலாம். தாய்மார்கள் பலருக்கு அறிமுகமில்லாத அழைப்புகள் வருவது இப்படித்தான். கம்யூனிட்டி (பல குழுக்களை ஒரே குடையின்கீழ் வைக்கும் வாட்ஸ்அப் வசதி) ஒன்றைத் தொடங்கி, அதன் அறிவிப்புப் பகுதியில் தகவல் தந்தால், உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது.

வீட்டுப்பாடம் கரும்பலகைக்குத் திரும்ப வேண்டும். கடைசிப் பாடவேளை முடியுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி டைரியில் எழுதவையுங்கள். விடுப்பில் இருந்த பிள்ளைக்காக அதையே குழுவில் போடலாம். கூடுதலாகத்தான், மாற்றாக அல்ல.

மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்கள் தொடர்பான தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. அனுப்பிய படத்தை இரண்டு நாள் வரை எல்லாருக்கும் அழிக்கலாம் என்பது பெரிய ஆறுதல் இல்லை. அதற்குள் யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.

கைபேசியால் உண்மையில் என்ன பயன் என்று என்னைக் கேட்டால், வாசிப்புப் பயிற்சிதான் என்பேன். முப்பது பேர் உள்ள ஆறாம் வகுப்பில் ஒவ்வொருவரையும் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க ஒரு பாடவேளை போதாது. நாளுக்கு ஆறு பேர் வீதம் ஒரு நிமிட வாய்ஸ் நோட் (குரல் பதிவு) அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து வேலைநாளில் வகுப்பு முழுவதும் வந்துவிடும். பதிவு உங்களுக்கு மட்டும் வர வேண்டும், குழுவுக்கு அல்ல. கேட்கும்போது ழகர, ளகர வேறுபாட்டை மட்டும் கவனித்தால் போதாது. மூச்சு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘மரத்தடியிலிருந்து’ என்பதை ‘மரத்’ என்று நிறுத்தி, தயங்கி, மீண்டும் தொடங்கும் பிள்ளை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறது. அதற்கு நீண்ட சொற்களைப் பிரித்து வாசிக்கும் பயிற்சி தேவை, திட்டு அல்ல. வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளைகளை மதிய இடைவேளையில் உங்கள் கைபேசியிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். இதை யாருக்கும் சலுகை போலக் காட்ட வேண்டாம்.

தமிழக அரசுப் பாடநூல்களில் உள்ள க்யூஆர் கோடும் (கைபேசிக் கேமராவில் காட்டினால் பாடக் காணொலியைத் திறக்கும் கட்டக் குறியீடு) நல்ல துணை. அதற்கு வகுப்பில் ஒரு திரை போதும், முப்பது கைபேசிகள் வேண்டாம். கவனம் கலைந்த மாணவர் மீண்டும் பாடத்தில் ஒன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை குறிப்பிடுகிறது. அது ஏறத்தாழ அரைப் பாடவேளை. காணொலியை முதல்நாளே நீங்கள் பார்த்துவிடுங்கள். முடிந்தால் தரவிறக்கியும் வையுங்கள். வகுப்பில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த வேளை போனதுதான்.

சில குறுக்கு வழிகளைத் தவிருங்கள். தவறு செய்த மாணவரின் படத்தைக் குழுவில் போட்டு அவமானப்படுத்துவது, பறித்த கைபேசியை வகுப்பின் முன் உடைப்பது போன்றவை ஒழுக்கம் கற்பிப்பதில்லை. புகாராகத்தான் திரும்பி வரும். கைபேசியைப் பறிமுதல் செய்தால் பெயர் எழுதி உறையிலிட்டு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பித் தாருங்கள். பூட்டுச் செயலி ஒன்றைப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைத் திறக்கத் தெரியும்.

மாணவியின் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பியதாகத் தகவல் வந்தால் பதற்றம் வேண்டாம், தாமதமும் வேண்டாம். ஆதாரத்துக்கென்றுகூட அந்தப் படத்தைச் சக ஆசிரியருக்கு அனுப்பாதீர்கள். குழந்தைகள் தொடர்பான இத்தகைய படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். எந்த எண்ணிலிருந்து, எப்போது வந்தது என்று எழுதிவைத்து, தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லி, காவல்துறையில் புகார் கொடுக்கச் செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மாணவியை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் விரும்பினால் வகுப்பிலேயே இருக்கட்டும்.

உங்களுக்கும் ஓய்வு வேண்டும். பள்ளி வேலைக்குத் தனி சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் (வணிகப் பயன்பாட்டுக்கான இலவச வாட்ஸ்அப்) மாலை ஆறு மணிக்கு மேல் வரும் செய்திகளுக்கு “நாளை காலை பதில் தருகிறேன்” என்று தானாகப் பதில் போகும்படி அமையுங்கள். இதை ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.