பாஸ்காப் பந்தியில் பெண்கள்

மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள் எங்களிடம் ஒரு வினா கேட்கப்பட்டது. "பார்வோனின் கட்டளையை முதன்முதலில் மீறியவர் யார்?" வகுப்பே ஒரே குரலில், "மோசே!" என்றது. விடை தவறு. மோசே பிறப்பதற்கு முன்பே, எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்ல மறுத்தவர்கள் சிப்ரா, பூவா என்னும் இரு மருத்துவச்சிகள். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்திலேயே அவர்கள் பெயர் இருக்கிறது. படித்துவிட்டு மறந்திருக்கிறோம்! இத்தகைய மறதியை எதிர்த்து யூதப் பெண்கள் சிலர் தங்கள் பாஸ்கா விருந்தையே புதிதாக அமைத்த வரலாற்றைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் ஆண்டுதோறும் வீட்டில் ஓர் இரவு விருந்தாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குச் 'செதேர்' என்று பெயர். புளிப்பில்லா அப்பம், அடிமை வாழ்வின் கசப்பை நினைவூட்டும் கீரை, கண்ணீருக்கு அடையாளமான உப்புநீர், நான்கு கிண்ணம் திராட்சை இரசம் ஆகியவை பந்தியில் இடம்பெறும். வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்க, பெரியவர்கள் 'ஹகாதா' என்னும் நூலை வைத்து விடுதலைக் கதையைச் சொல்வார்கள். சுதந்திர மனிதர் என்பதற்கு அடையாளமாகத் திண்டில் சாய்ந்து உண்பது மரபு.

ஆனால் பண்டிகைக்கு முன் வீட்டில் புளித்த மாவின் துணுக்குக்கூட இருத்தலாகாது. அலமாரி, அடுப்பு, பாத்திரம் என்று நாட்கணக்கில் தேய்த்துக் கழுவியவர்கள் பெண்கள். சமைத்தவர்களும் அவர்களே. விடுதலைத் திருநாளன்று வீட்டில் மிகவும் களைத்திருப்பவள் தாய்! நம் வீடுகளிலும் திருநாள் என்றால் இதே கதைதானே?

யூத மறைநூல் அறிஞர்கள் பெண்களை விலக்கவில்லை. அந்த அற்புதத்தில் பெண்களுக்கும் பங்குண்டு. ஆகவே அவர்களும் நான்கு கிண்ணம் அருந்த வேண்டும் என்று தல்மூத் கூறுகிறது. எனினும் கணவனருகில் இருக்கும் மனைவி சாய்ந்து உண்ணத் தேவையில்லை, சிறப்புடைய பெண்ணானால் சாய்ந்து உண்ண வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. வழக்கமான ஹகாதாவில் ஐந்து அறிஞர்கள் இரவு முழுவதும் உட்கார்ந்து விடுதலைக் கதை பேசியதாக ஒரு பகுதி வருகிறது. பொழுது விடிந்ததை அவர்களுடைய சீடர்கள் வந்துதான் சொன்னார்களாம். அந்த ஐவருக்கும் சமைத்தது யார், பரிமாறியது யார்? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மோசேயின் அக்காள் மிரியாமையும் அந்நூலில் காணோம்.

இந்தக் குறையை உணர்ந்தவர்களுள் ஒருவர் எஸ்தர் புரோனர் என்னும் அமெரிக்க எழுத்தாளர். நவோமி நிம்ரோத் என்பவருடன் சேர்ந்து அவர் பெண்களுக்கென ஒரு ஹகாதா எழுதினார். 1975-ஆம் ஆண்டு இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பெண்களின் செதேர் நடைபெற்றது. அடுத்த ஆண்டு முதல் நியூயார்க் நகரிலும் அது தொடர்ந்தது. 1977-இல் 'மிஸ்' என்னும் பெண்கள் இதழ் அந்த ஹகாதாவை வெளியிட்டது. பழைய நூலில் வரும் நான்கு மகன்களின் இடத்தில் இங்கே நான்கு மகள்கள் கேள்வி கேட்கிறார்கள். நியூயார்க்கில் தரையில் துணி விரித்துச் சுற்றி அமர்ந்த பெண்கள் ஒவ்வொருவரும் தம் தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்கள்.

இது வெறும் விருந்தோடு நின்றதா? இல்லை. ஹைஃபாவில் புரோனருடன் சேர்ந்து செதேரை நடத்திய மார்சியா ஃபிரீட்மன் அப்போது இஸ்ரேல் பாராளுமன்ற உறுப்பினர். மனைவியரை அடிக்கும் கொடுமையைப் பற்றி 1976-இல் அவர் அவையில் பேசியபோது உறுப்பினர்கள் சிலர் கேலி செய்தார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. 1977-இல் அடிபட்ட பெண்களுக்கான அந்நாட்டின் முதல் புகலிடம் ஹைஃபாவில் திறக்கப்பட்டது. அதை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர்.

நியூயார்க் செதேருக்கு வந்தவர்களுள் பெல்லா அப்சுக் என்பவரை எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பதின்மூன்று வயதில் தந்தையை இழந்த அவர், மகன்களுக்கே உரியதென்று கருதப்பட்ட இறந்தோர் செபத்தைத் தாமே தொழுகைக்கூடத்தில் நின்று சொன்னார். எங்களைவிட இரண்டு வயது சிறியவர்! பிற்காலத்தில், 1971 முதல் 1977 வரை, அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினராக இருந்தார். கணவன் கையெழுத்தில்லாமல் பெண்ணுக்குக் கடன் தர மறுத்துவந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர முயன்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டத்திற்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

இன்று பல யூத வீடுகளில் பாஸ்கா மேசைமீது இன்னொரு கிண்ணமும் வைக்கிறார்கள். அதில் இருப்பது இரசமல்ல, தண்ணீர். அது மிரியாமின் கிண்ணம். பாலைவனத்தில் மிரியாமின் பொருட்டு ஒரு கிணறு மக்களோடு கூடவே வந்தது என்பது யூத மரபு. எண்ணாகமம் 20-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தோம். மிரியாம் இறந்து அடக்கம் செய்யப்பட்ட செய்திக்கு அடுத்த வரியிலேயே மக்களுக்குத் தண்ணீர் இல்லாமற்போகிறது.

தாய்வழிப் பெயர் சொல்வதை நாங்களும் ஒரு நாள் மதிய இடைவேளையில் செய்து பார்த்தோம். எங்கள் வருகைப் பதிவேட்டில் பெரும்பாலும் தந்தையின் முதலெழுத்துத்தான் நிற்கிறது. அம்மாவின் பெயர், அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் வரை எல்லோரும் சொன்னோம். அந்தப் பாட்டியின் தாயார் பெயரோ நான்கு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மறுநாள் மேலும் பதினொரு பேர் வீட்டில் கேட்டு எழுதி வந்தார்கள். ஒருத்தியின் அம்மாவுக்கே தெரியவில்லையாம். ஊரிலிருக்கும் பெரியம்மாவைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.