டவுண் சின்ட்றோம் பிள்ளையும் விடுமுறைப் பயணமும்

குடும்பமாக விடுமுறைக்குப் போவதென்றால் வீட்டில் முதலில் கணக்குப் பார்ப்போம். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று பேச்சு நடக்கும். டவுண் சின்ட்றோம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னொரு கேள்வியும் எழும்: "இவனை அம்மம்மாவோடு விட்டுவிட்டுப் போவோமா?"

இக்கேள்வி பெரும்பாலும் அன்பினாலேயே கேட்கப்படுகிறது. சனக்கூட்டத்தில் பிள்ளை களைத்துவிடும், பிறர் உற்றுப் பார்ப்பார்கள், மற்றப் பிள்ளைகளின் சந்தோஷம் கெட்டுவிடும் என்று பெற்றார் அஞ்சுகின்றனர். ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டில் விடப்படும் பிள்ளை, குடும்பத்தின் மகிழ்ச்சியில் தனக்குப் பங்கில்லை என்பதையே கற்றுக்கொள்கிறது. சகோதரங்களும் அதே பாடத்தைக் கற்றுக்கொள்கின்றனர்.

இத்தகைய பிள்ளைகளுடன் பெரிய கேளிக்கைப் பூங்காக்களுக்குச் சென்றுவரும் அனுபவம் அமெரிக்கக் குடும்பங்களுக்கு நிறைய உண்டு. அதிலிருந்து நாம் அறியக்கூடியவற்றைப் பார்ப்போம்.

1. பிள்ளையின் நிலையை அறிதல்

மனித உடலின் கலங்களில் பொதுவாக 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. டவுண் சின்ட்றோம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருப்பதால் மொத்தம் 47 ஆகிறது. ஆங்கிலேய வைத்தியர் ஜோன் லாங்டன் டவுண் 1866இல் இந்நிலையை விவரித்தார். இதன் காரணத்தை ஜெரோம் லெஜேனும் அவரது சகாக்களும் 1959இல் பிரான்சில் வெளியிட்டனர். இது ஒருவர் செய்த குற்றத்தின் பலனுமல்ல, தொற்றும் நோயுமல்ல.

இப்பிள்ளைகளின் தசைகள் தளர்ச்சியாகவும் மூட்டுகள் இளக்கமாகவும் இருக்கும். ஆகவே விரைவில் களைப்படைவார்கள். ஏறக்குறைய அரைவாசிப் பேர் இருதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். பலருக்குக் கேட்கும் திறன் குறைவு. காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டதே அவர்கள் மனதில் நன்றாகப் பதியும். பயணத்தைத் திட்டமிடும்போது இவற்றை மனதிற் கொள்ளவேண்டும்.

2. புறப்படுமுன்

முதலில் வைத்தியரைக் காணுங்கள். இப்பிள்ளைகளிற் சிலருக்குக் கழுத்தின் மேலிரு முள்ளென்புகளுக்கிடையிலான மூட்டு இளக்கமாக இருக்கும். தலையைச் சடுதியாக முன்னும் பின்னும் வீசும் உருளை வண்டிகள் அவர்களுக்கு ஆபத்தாகலாம். எந்த விளையாட்டில் ஏற்றலாம், எதில் ஏற்றக்கூடாது என்று கழுத்தையும் இருதயத்தையும் பற்றித் தெளிவாகக் கேட்டறியுங்கள். கழுத்து நோ, தலை ஒருபக்கம் சாய்தல், நடையில் மாற்றம், கைகால் பலவீனம், சிறுநீரை அடக்கும் பழக்கம் புதிதாகத் தவறுதல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் பயணத்தை நிறுத்தி, தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும்.

இரண்டாவதாக, பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து கொள்ளுங்கள். இப்பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்திலும் குறைந்தவர்களாகவே இருப்பர். புளோரிடாவில் 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி திறக்கப்பட்ட வோல்ற் டிஸ்னி வேர்ல்டில் 'ஸ்பேஸ் மவுண்டன்' வண்டியில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். நெடுநேரம் காத்திருந்தபின் வாசலில் திருப்பி அனுப்பப்படுவது எந்தப் பிள்ளைக்கும் பெருந்துயரம். உயரக் கட்டுப்பாடில்லாத விளையாட்டுகளும் அங்கே பல உள்ளன.

மூன்றாவதாக, ஓர் அப்பியாசக் கொப்பியில் படங்களை ஒட்டுங்கள். விமானம், தங்கும் அறை, பூங்கா வாசல், இராட்டினம், சாப்பாடு, நித்திரை என்று நாளின் ஒழுங்கில் அவை அமையட்டும். பல நாட்களுக்கு முன்பே பிள்ளையுடன் இருந்து அக்கொப்பியைப் புரட்டுங்கள். நாளை என்ன நடக்கும் என்று அறிந்த பிள்ளைக்குப் பயம் குறையும்.

3. பூங்காவிலே

நீண்ட வரிசையில் நிற்க இயலாத பிள்ளைகளுக்காக டிஸ்னி பூங்காக்கள் 2013 ஒக்டோபரில் ஓர் ஒழுங்கைத் தொடங்கின. வரிசையில் நில்லாமல், குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்து ஏறலாம். 2024இல் இதன் விதிகள் இறுக்கப்பட்டன. நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. தங்கள் பிள்ளையால் ஏன் வரிசையில் நிற்க முடியாது என்பதைப் பெற்றார் முன்கூட்டியே விளக்க வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு. சின்னவனுடன் தாய் வெளியே நிற்க, தந்தை மூத்த பிள்ளையைப் பெரிய வண்டியில் ஏற்றலாம். பின்பு தாய் மீண்டும் முழு வரிசையிலும் நில்லாமல் தன் முறைக்கு ஏறலாம். மூத்த பிள்ளைகளும் பிள்ளைகளே. அவர்களது ஆசையையும் மறக்கலாகாது.

சில பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் கூட்டத்தில் நழுவிவிடுவார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்தால் ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே, இந்த மணித்தியாலம் அப்பா, அடுத்த மணித்தியாலம் அம்மா என்று பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். பிள்ளையின் உடையில் தொலைபேசி இலக்கத்தை இணையுங்கள். காலையிலேயே அன்றைய உடையுடன் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள்.

பிள்ளை திடீரென நிலத்தில் குந்திக்கொண்டு எழும்ப மறுக்கலாம். இதைக் குழப்படி என்று எண்ணாதீர்கள். களைப்பு, வெயில், சத்தம், பயம் ஆகியவற்றை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை உடலால் சொல்கிறது. கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவேண்டாம்; இளகிய மூட்டுகளுக்கு அது கேடு. அருகில் குந்துங்கள், தண்ணீர் கொடுங்கள், கொப்பியில் அடுத்த படத்தைக் காட்டுங்கள். மத்தியான ஓய்வுக்கு அறைக்குத் திரும்பினால் நாள் வீணாகிவிடாது.

4. மூன்று ஆண்டு காத்த தந்தை

ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் 'மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட்' என்ற பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. இதனை நிறுவியவர் வீடு கட்டும் தொழிலில் ஈடுபட்டிருந்த கோர்டன் ஹார்ட்மன். அவரது மகள் மோர்கனுக்கு இருப்பது டவுண் சின்ட்றோம் அல்ல. அறிவு வளர்ச்சியிலும் உடலிலும் வேறு குறைபாடுகள் உண்டு. ஒரு விடுமுறையின்போது, நீச்சல் தடாகத்தில் பந்து விளையாடிய பிள்ளைகளோடு சேர அவள் ஆசையோடு நெருங்கினாள். அவர்களோ விலகிப் போய்விட்டனர். அதைக் கண்ட தந்தையின் மனதில் எழுந்த எண்ணமே இப்பூங்கா.

அங்கே சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ஊஞ்சலும் இராட்டினமும் உண்டு. குறைபாடுடையோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆயினும் இது அவர்களுக்கென ஒதுக்கிய இடமல்ல; எல்லோரும் கலந்து விளையாடும் இடம். 2017இல் நீர்ப் பூங்காவும் சேர்க்கப்பட்டது.

இவையனைத்திலும் கவனிக்க வேண்டியது வேறொன்று. தன் பெயரால் அமைந்த பூங்காவின் குதிரை இராட்டினத்தில் ஏற மோர்கன் முதலில் பயந்தாள். தந்தை வற்புறுத்தவில்லை. முதலில் அருகே நின்று பார்த்தார்கள். பின்பு சுழலாத இராட்டினத்தில் அவள் அமர்ந்தாள். அது சுழலும்போது அவள் ஏறியிருக்க மூன்று ஆண்டுகள் சென்றன. பூங்காவையே கட்டியவராலும் பிள்ளையின் வேகத்தை மாற்ற முடியவில்லை. அந்த வேகத்திலேயே அவரும் கூட நடந்தார்.

பயணத்தின் வெற்றியை எத்தனை விளையாட்டில் ஏறினோம் என்று எண்ணிப் பார்க்கவேண்டாம். ஒரே இராட்டினத்தில் ஏழு தரம் ஏறிச் சிரித்த பிள்ளைக்கு அன்றைய நாள் நிறைவானதே. புளோரிடாவிற்குப் போக எல்லோருக்கும் வசதியில்லை. கடற்கரைக்கோ, கலியாண வீட்டிற்கோ, கோயில் திருவிழாவிற்கோ புறப்படும்போதும் இதே ஆயத்தம் உதவும். அடுத்த பயணத்துக்குக் கணக்குப் பார்க்கையில் அந்தப் பிள்ளையையும் சேர்த்தே எண்ணுவோம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. கடந்த ஓராண்டில் நம் குடும்பம் சென்ற இடங்களில் எவற்றிற்கு யாரை விட்டுச் சென்றோம்? ஏன்?

2. நம் பிள்ளை களைப்பையும் பயத்தையும் எவ்வாறு தெரிவிக்கிறது? வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது தெரியுமா?

3. மோர்கனை விட்டு விலகிய பிள்ளைகளின் இடத்தில் நம் பிள்ளைகள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அவர்களுக்கு நாம் எதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?