புறப்படும்முன் ஒரு பார்வை

நுழையும்முன்
காட்டில் வெட்டிய மரங்களை யானைகளும் எருதுகளும் இழுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. இன்று சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில், சிறு காடுகளை உடைய உழவர்கள் தம் டிராக்டரிலேயே மரம் ஏற்றும் கருவியைப் பொருத்திக்கொள்கின்றனர். அதனைச் சோதித்தலும் பாதுகாப்பாகக் கொண்டுசெல்லுதலும் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

எடையும் விசையும்
50 செ.மீ. விட்டமும் 4 மீட்டர் நீளமும் கொண்ட பச்சைமரக் கட்டையின் எடை 600 கிலோவைத் தாண்டும். அதனைத் தூக்கும் இரும்புக்கையை இயக்குவது குழாய்களில் அடைபட்ட எண்ணெயாகும். இயற்பியலில் நீங்கள் பயின்ற பாஸ்கல் விதியே இங்குச் செயற்படுகிறது. எண்ணெயின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்குவரை உயரக்கூடும். இயந்திரத்தை நிறுத்தியபின்னும் இவ்வழுத்தம் குழாய்களில் எஞ்சியிருக்கலாம். ஓய்ந்து நிற்கும் கருவியும் ஊறு செய்யும் என்பதை நாம் மறத்தலாகாது.

சோதிக்கும் முறை
முதலில் டிராக்டரைச் சமதரையில் நிறுத்தித் தடையிட வேண்டும். இரும்புக்கையைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பின்னர் நெம்புகோல்களை அசைத்து, எஞ்சிய அழுத்தத்தைக் கையேடு கூறும் முறையில் வெளியேற்ற வேண்டும். அதன்பிறகே இணைப்பு ஊசிகள், பற்றவைத்த இடங்கள், தாங்குகால்கள், சுழல்தண்டின் மூடி ஆகியவற்றைப் பார்வையிடுதல் முறை.

எண்ணெய்க் கசிவை விரலால் தடவித் தேடுதல் கூடாது. அழுத்தம் எஞ்சியிருப்பின், ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் முள் குத்தியதுபோல் சிறிதாகவே தோன்றும். வலியும் தொடக்கத்தில் குறைவாக இருக்கலாம். உடனடி அறுவை மருத்துவம் பெறாவிடில் விரலையே இழக்க நேரிடும். ஆகவே, கையுறை அணிந்து, அட்டைத்துண்டு ஒன்றைக் குழாயருகே பிடித்துக் கசிவை அறிதல் வேண்டும்.

கொண்டுசெல்லும்போது
இரும்புக்கையை மடக்கி, அது திரும்பாதவாறு பூட்ட வேண்டும். தாங்குகால்களை உயர்த்திப் பூட்ட வேண்டும். பின்புறம் தொங்கும் சுமை, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்க முயலும். முன்சக்கரம் தரையை அழுத்தாவிடில் திருப்புவிசை பயன்படாது. எனவே, டிராக்டரின் வெற்று எடையில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன்னச்சில் தங்குமாறு எடைக்கட்டிகளைப் பொருத்துவர். சாலையில் இருபுறத் தடைமிதிகளும் இணைந்திருத்தல் வேண்டும். கருவியின் உயரத்தை அறிந்தவரே மின்கம்பியையும் பாலத்தையும் இடரின்றிக் கடப்பர். கருவியின்மீது எவரையும் ஏற்றுதல் கூடாது.

தெரிந்து தெளிவோம்
டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம், புதிய டிராக்டர்களில் இருத்தல் வேண்டுமெனச் சுவீடன் 1959ஆம் ஆண்டு சட்டம் வகுத்தது. அதன்பின் அங்கு இத்தகைய இறப்புகள் பெரிதும் குறைந்தன.

சோதனைக்குச் சில நிமிடங்களே தேவைப்படும். 'நேற்றும் இப்படித்தான் ஓட்டினேன்' என்னும் எண்ணமே அச்சோதனையைத் தவிர்க்கத் தூண்டுகிறது. நேற்று உறுதியாக இருந்த குழாய் இன்று தேய்ந்திருக்கலாம். ஆதலின், ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பவரே தம்மையும் உடன் பணிபுரிவோரையும் காப்பவராவார்.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டுபவரைக் கண்டு, புறப்படும்முன் அவர் சோதிப்பவற்றைக் கேட்டறிந்து பட்டியலிடுக. அவற்றை இப்பாடத்துடன் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.