கிம்னாசியம் மோகம்

ஜெர்மனியின் பல மாநிலங்களில் ஜனவரி கடைசியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அரையாண்டுச் சான்றிதழோடு வீடு திரும்புகிறார்கள். அன்று முதல் பல வீடுகளில் ஒரே பேச்சு: தொடக்கப்பள்ளி முடிந்ததும் கிம்னாசியம் கிடைக்குமா? பத்து வயதுப் பிள்ளைக்கு எது பிடிக்கும், எது வரும் என்பதெல்லாம் அப்புறம். பக்கத்து வீட்டுப் பையன் போகிறான், மாமா மகள் போகிறாள், அதுவே காரணம். நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியாவில் வாழும் ஈழத்தமிழ்ப் பெற்றோர் பலரும் இதற்கு விலக்கல்ல.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கிம்னாசியம் பிள்ளையை நேரே அபிடூர் தேர்வுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோகும். ரியால்ஷூலே பத்தாம் வகுப்போடு முடியும். அதன்பின் தொழிற்பயிற்சிக்கும் போகலாம், மேலே படிக்கவும் செய்யலாம். கெசம்ட்ஷூலே எல்லோரையும் ஒன்றாக வைத்து, முடிவைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும். தொழில் நோக்கிய அடிப்படைப் பள்ளியான ஹவ்ப்ட்ஷூலே பல மாநிலங்களில் வேறு பள்ளிகளோடு இணைந்துவிட்டது.

கிம்னாசியத்துக்கு இத்தனை மவுசு வந்ததற்கு வரலாறு உண்டு. பிரஷ்யா 1788இல் அபிடூர் தேர்வைக் கொண்டுவந்தது. வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட் 1809இல் கல்வித்துறைப் பொறுப்பேற்ற பிறகு, கிம்னாசியம் கற்பித்த லத்தீனும் கிரேக்கமுமே பண்பட்ட மனிதனின் அடையாளமாயின. 1834இலிருந்து அபிடூர் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் நுழைய முடியாது என்றானது. அறிவியலும் நவீன மொழிகளும் கற்பித்த ரியால்கிம்னாசியமும் ஓபர்ரியால்ஷூலேயும் 1900இல்தான் கிம்னாசியத்துக்குச் சமமாக ஏற்கப்பட்டன. சட்டம் மாறியது, மதிப்பு மாறவில்லை. பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பாராமல், கௌரவத்துக்காகவே லத்தீனைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இன்றும் உண்டு.

பவேரியாவின் கணக்கைப் பாருங்கள். அங்கே 1தான் சிறந்த மதிப்பெண். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி 2.33க்குள் இருந்தால் கிம்னாசியம், 2.66 வரை ரியால்ஷூலே. 2, 2, 3 வாங்கிய பிள்ளை கிம்னாசியத்துக்குப் போகும். 2, 3, 3 வாங்கிய பிள்ளை ரியால்ஷூலேக்குத்தான். இடைவெளி ஒரே பாடத்தில் ஒரு படி. அந்தப் படிக்காகத்தான் மூன்றாம் வகுப்பிலேயே டியூஷன், வீட்டில் கண்ணீர்.

நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியாவில் ஆசிரியரின் பரிந்துரை பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. அதனால் தயங்கும் பிள்ளையையும் தள்ளிவிடுகிறார்கள். ஐந்தும் ஆறும் சோதனைக் காலம். அதன் முடிவில் தேறாத பிள்ளை பள்ளி மாற நேரும். பன்னிரண்டு வயதில் நண்பர்களையும் தன்னம்பிக்கையையும் சேர்த்தே இழக்கும். வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்கு இதைவிட வீணான துன்பம் வேறில்லை. அப்படிப்பட்ட பிள்ளை ரியால்ஷூலேயில் தலைநிமிர்ந்து படித்துவிட்டு, பிறகு ஃபாக்ஓபர்ஷூலே என்னும் தொழில்சார் மேல்நிலைப்பள்ளி வழியாக உயர்கல்விக்குப் போவதே மேல்.

கதவு பத்து வயதில் மூடிவிடுவதில்லை. முன்னாள் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் எட்டாண்டுப் பள்ளி முடித்ததும் கடை விற்பனையாளராகப் பயிற்சி பெற்றவர். பிறகு மீண்டும் படித்து 1966இல் அபிடூர் தேறி, வழக்கறிஞரானவர். ஐரோப்பிய நாடாளுமன்றத் தலைவராக இருந்த மார்ட்டின் ஷூல்ஸ் அபிடூர் இல்லாத புத்தக வியாபாரி. தோமஸ் மன் லூபெக்கின் கத்தாரினேயும் பள்ளியிலிருந்து அபிடூர் பெறாமலே 1894இல் வெளியேறினார். 1929இல் நோபல் பரிசு பெற்றார்.

அவசரம் அரசுக்கே ஒத்துவரவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்பதாண்டுக் கிம்னாசியத்தை எட்டாக்கிய மாநிலங்களில் பல பின்வாங்கின. பவேரியா 2018இல் ஒன்பதுக்குத் திரும்பியது. மெதுவாக மலரும் பிள்ளைக்கும் ஓராண்டு, ஈராண்டு கொடுப்பதில் தவறில்லை. கணக்கில் ஊறும் கை, இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் கை, கதை எழுதும் கை எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

பள்ளிகளின் திறந்த நாளுக்குப் போகும் பெற்றோர் கட்டடத்தையும் இசைக்குழுவையும் பார்த்து மயங்காமல் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஆறாம் வகுப்பு முடிவில் எத்தனை பிள்ளைகள் வெளியேறுகிறார்கள்? கெசம்ட்ஷூலே என்றால், அபிடூர் வரையிலான மேல்வகுப்புகள் அங்கேயே இருக்கின்றனவா, இல்லை வேறு பள்ளி தேட வேண்டுமா?