மனையுரிமை

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக்கொடி பந்தலைப் பற்றியே தழைக்கிறது. அதுபோல, மாந்தர் வாழ்விற்கு மனையே பற்றுக்கோடு. கணவன் கொடுமையால் நையும் பெண்டிர் பலர், போக்கிடம் இன்மையாலேயே அதனைப் பொறுத்துக் கிடந்தனர். இந்நிலை நீங்கவே, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

குடியிருக்கும் வீடு கணவன் பெயரில் இருப்பினும், வாடகைக்கு எடுத்ததாயினும், சட்டநெறி வழியன்றி மனைவியை வெளியேற்றலாகாது. நீதித்துறை நடுவர் கணவனையே வெளியேறப் பணிக்கலாம். அவளுக்கு ஒத்த வேறு வீடு அளிக்கவோ, அதன் வாடகையைச் செலுத்தவோ ஆணையிடலாம். வீடு மாமனாருக்கு உரியதாயினும் அவள் இப்பாதுகாப்பைக் கோரலாம் என 2020ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது.

மாணவர்களே! 'மனை' என்பதினின்றே 'மனைவி' என்னும் சொல் பிறந்தது. மனைக்குரியவளை வீதியில் நிறுத்துதல் அறமன்று. அதனைச் சட்டமும் ஒப்பாது.