மடிக்கணினியின் மிகைவெப்பம்: லினக்ஸ் இயங்கும் பள்ளிகளுக்கு ஒரு பாடம்

மடிக்கணினிக்குள் செல்லும் மின்சக்தி, அது எவ்வகை வேலையைச் செய்து முடித்தாலும், ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. மேசைக் கணினியின் பெட்டி விசாலமானது; அங்கே வெப்பம் பரவுவதற்கு இடமுண்டு. மடிக்கணினியிலோ மையச் செயலி, நினைவகம், மின்கலம் யாவும் ஒரு விரற்கடை உயரமுள்ள உறைக்குள் நெருங்கி அமைந்திருக்கின்றன. செயலியின் மீது பதிந்த செம்புக் குழாய் வெப்பத்தை ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுசெல்கின்றது. சிறு விசிறி ஒன்று அத்தகடுகளினூடே காற்றைத் தள்ளி வெப்பத்தை வெளியேற்றுகின்றது. இவ்வழியில் எங்கேனும் தடை நேருமாயின் உள்ளே வெப்பநிலை ஏறும்.

கேரளத்துப் பள்ளிகளில் இது அன்றாடப் பிரச்சினையாகும். அங்கே 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. அதன் தலைமையகம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ளது. உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள் கொண்ட 4,752 பள்ளிகளைச் சேர்ந்த 45,000 வகுப்பறைகளை மடிக்கணினி, ஒளியெறிவி முதலியவற்றுடன் அமைக்கும் பணி இந்நிறுவனத்தின் வழியே நடைபெற்றது. அக்கணினிகளில் இயங்குவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கெனத் தொகுக்கப்பட்ட குனூ/லினக்ஸ் முறைமை. பத்தாம் வகுப்பு மாணவர்களின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வும் இதிலேயே நடத்தப்படுகின்றது. தேர்வின் நடுவே கணினி சூடேறித் தானே அணைந்துபோகுமாயின், சேமிக்கப்படாத விடை மாணவனுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே, குறை எங்குள்ளது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே கண்டறிந்து வைத்திருப்பது நலம்.

'லினக்ஸ் போட்டால் கணினி சூடாகும்' என்று சொல்வோர் பலர். இதில் ஒரு சிறு பங்கு உண்மையுண்டு, பெரும்பங்கு ஊகம். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தலே முறை.

அளந்தறிதல்

அளப்பதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. செயலியின் சில்லுக்குள்ளேயே வெப்ப உணரி பதிக்கப்பட்டுள்ளது. லினக்ஸின் கருவாகிய கெர்னல் அதன் அளவை ஒரு சாதாரணக் கோப்பைப் போல் யாரும் படிக்கும்படி வைத்திருக்கின்றது. அக்கோப்பில் எண் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரியில் குறிக்கப்பட்டிருக்கும். 54000 என்று இருந்தால் 54 டிகிரி சென்டிகிரேடு என்று பொருள். 'எல்.எம். சென்சார்ஸ்' என்னும் தொகுப்பை நிறுவிக்கொண்டு, டெர்மினலில் 'சென்சார்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் கட்டளையிட்டால் இவ்வளவுகள் எளிதில் படிக்கும் வடிவில் கிடைக்கும். சில கணினிகளில் விசிறியின் சுழற்சி வேகமும் உடன் காணப்படும்.

கணினியைத் திறந்து, எந்த வேலையும் கொடாமல் பத்து நிமிஷம் விட்டுவைத்து முதல் அளவைக் குறித்தல் வேண்டும். பின்னர் ஒரு காணொளிப் பாடத்தைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு இரண்டாவது அளவைக் குறிக்க வேண்டும். இரு முறையும் 'டாப்' என்னும் கட்டளையால் செயலிக்கு எவ்வளவு வேலை இருக்கின்றது, அவ்வேலையைத் தருவது எந்த நிரல் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அறையின் வெப்பநிலையையும் எழுதி வைப்பது அவசியம். ஒரே அளவு வேலை செய்யும் கணினி, சுற்றியுள்ள காற்றைவிட ஏறக்குறைய ஒரே அளவுதான் மேலே செல்லும். குளிர்சாதனம் பொருத்திய அலுவலகத்தில் 24 டிகிரிக் காற்றில் 80 டிகிரி காட்டிய கணினி, திருவனந்தபுரத்தில் மார்ச் மாதப் பிற்பகலின் 33 டிகிரி வகுப்பறையில் 89 காட்டுவது இயல்பே, அது பழுதாகாது.

கடற்கரை நகரின் ஈரக்காற்றைப் பலர் குறை கூறுவர். ஈரப்பதம் மனிதனைத்தான் வாட்டும். வியர்வை உலராமையே அதற்குக் காரணம். கணினிக்கு வியர்வை இல்லை. எனினும் ஈரம் வேறொரு வகையில் தீங்கு செய்கின்றது: தகடுகளில் படியும் தூசியை உதிரவிடாமல் கெட்டியாக ஒட்டவைக்கின்றது.

சும்மா இருக்கும்போது 45 முதல் 55 டிகிரி வரையில் இருக்குமாயின் கவலையில்லை. வேலை மிகுந்த நேரத்தில் 80-ஐத் தாண்டுவதும் பல மடிக்கணினிகளில் காணக்கூடியதே. இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி அளவில் வகுக்கப்பட்டுள்ளது. அதை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; 'கணினி மந்தமாகிவிட்டது' என்ற புகார் பல வேளைகளில் இதனாலேயே எழுகின்றது. அதற்கும் மேலே சென்றால் கெர்னல் ஒழுங்காக அணைக்க முயலும். அதுவும் தவறினால் சில்லே மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

செயலிக்கு வேலை மிகுந்தும் வெப்பம் மிகுந்தும் இருந்தால் குறை மென்பொருளில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வேலை ஏதும் இல்லாமலே 70, 75 டிகிரி காட்டினால் காற்றின் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவ்வொரு பாகுபாட்டைச் செய்யாமல் முறைமையை அழித்து மீண்டும் நிறுவுவோர் ஒரு நாள் உழைப்பை வீணாக்குகின்றனர்.

மென்பொருளால் வரும் வெப்பம்

பள்ளிகளில் மிகுதியாகக் காணப்படுவது காணொளியால் வரும் வெப்பமாகும். சுருக்கிப் பதியப்பட்ட காணொளியை விரித்துக் காட்டுவதற்கென்றே வரைகலைச் சில்லில் தனி உறுப்பு இருக்கின்றது. அது சிறிதளவு மின்சாரத்தில் அவ்வேலையை முடித்துவிடும். ஆனால் லினக்ஸில் இயங்கும் இணைய உலாவிகள் நெடுங்காலம் அவ்வுறுப்பை இயல்பாகப் பயன்படுத்தவில்லை. இப்போதும் உலாவி, அதன் பதிப்பு, வரைகலைச் சில்லு ஆகியவற்றைப் பொறுத்து இது வேறுபடுகின்றது. அவ்வுறுப்பு வாளாவிருக்க, முழுச் சுமையையும் மையச் செயலி தாங்குகின்றது. 'டாப்' பட்டியலில் உலாவி முதலிடத்தில் நின்றால், அதே பாடத்தைக் கணினியில் இறக்கி வைத்து வி.எல்.சி. போன்ற நிரலில் ஓட்டிப் பார்க்கலாம். காணொளியின் நுணுக்கத்தை 1080-இலிருந்து 720 வரிகளாகக் குறைப்பதும் பயன் தரும்.

இரண்டாவது காரணம், சில உயர்விலைக் கணினிகளில் உள்ள தனி வரைகலைச் சில்லு. உரிய இயக்கி நிறுவப்படாவிடில் அச்சில்லு உறங்காமல் வீணே மின்சாரத்தைச் செலவழிக்கலாம். கெர்னலின் மாற்றமே காரணமான நிகழ்ச்சியும் உண்டு: 2011-இல் வெளிவந்த 2.6.38 பதிப்பில், உள் இணைப்புகளின் மின்சிக்கனம் பல கணினிகளில் செயற்படாது போய், மின்செலவு கூடியது. பின்வந்த பதிப்புகளில் இது திருத்தப்பட்டது. புதுப்பித்த மறுநாளே சூடு ஏறியிருந்தால், துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது தகும்.

செயலியின் வேகத்தைச் சற்றுக் குறைத்தல் வெப்பத்தை வெகுவாகக் குறைக்கும். சில்லின் மின்செலவு அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமைகின்றது. உதாரணமாக, அதிர்வெண் 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2-ஆகவும், அழுத்தம் 1.2 வோல்ட்டிலிருந்து 0.9 ஆகவும் இறங்கினால், வேகம் மூன்றில் இரண்டு பங்காகின்றது. மின்செலவோ நூற்றுக்கு 37.5 பங்காகிவிடுகின்றது. எழுத்து வேலைக்கும் படவில்லைக் காட்சிக்கும் அவ்வேகமே போதும். புதிய உபுண்டுவின் அமைப்புப் பக்கத்தில், வன்பொருள் இடங்கொடுக்குமாயின், மின்சிக்கன நிலையைத் தேர்ந்துகொள்ளலாம். இன்டெல் செயலிகளில் 'டர்போ' என்னும் மிகைவேகத்தை நிறுத்திவைப்பதும் நல்ல பலன் தரும்.

'தெர்மல்டி' என்னும் காவல் நிரல் இன்டெல் செயலிகளுக்கென எழுதப்பட்டது. வெப்பம் எல்லையை எட்டுமுன்பே செயலியை அடக்கி வைக்கும். 'டி.எல்.பி.' என்பது மின்சிக்கனத்துக்கான மற்றொரு நிரல். இது உபுண்டுவின் சொந்த மின்னிலை நிரலோடு முரண்படும். இரண்டில் ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டும். விசிறியைக் கையால் ஆளும் நிரல்களைப் பள்ளிக் கணினியில் ஏற்றாதிருத்தல் நன்று. பெரும்பாலான மடிக்கணினிகளில் விசிறியை ஆள்வது இயக்க முறைமையன்று, தாய்ப்பலகையிலுள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு. அதன் பொறுப்பைப் பிடுங்கிக்கொண்ட நிரல் இடையில் நின்றுபோனால், விசிறியும் நின்றுவிடக்கூடும்.

காற்றின் வழி

20 வாட் வெப்பத்தை, காற்று 15 டிகிரி மட்டும் சூடேறும்படி வெளியேற்ற, விநாடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று பாய வேண்டும். தூசியால் பாய்ச்சல் பாதியானால் வெளிவரும் காற்று 30 டிகிரி சூடேறும். செயலியும் அதற்கேற்ப மேலே செல்லும். அடிப்புறத் துளைகளை மறைக்கும் மேசை விரிப்பு, பை, மெத்தை யாவும் இதே தீங்கைச் செய்வன. ஒளியெறிவியை மேசைமேல் வைத்துள்ள வகுப்புகளில், அதன் சூடான காற்று மடிக்கணினியின் மேல் படாதவாறு இடம் மாற்ற வேண்டும்.

தூசி விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டைப் போல் படர்ந்து நிற்கும். கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, வெளியேறும் துளையின் வழியே விட்டுவிட்டுக் காற்றூதலாம். அப்போது விசிறியின் இறக்கை சுழலாதபடி மெல்லிய குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும்; தடுக்காவிடில் அது மிகுவேகத்தில் சுழன்று அச்சைக் கெடுத்துக்கொள்ளும். வீட்டுத் தூசியுறிஞ்சி நிலைமின்சாரத்தை உண்டாக்கும், அது வேண்டா. உறையைக் கழற்றுவதும், செயலியின் மேலுள்ள வெப்பப் பசையைப் புதுப்பிப்பதும் பயிற்சி பெற்றோர் வேலை; உத்தரவாதக் காலம் முடியாத கணினியை நிறுவனத்தாரே திறக்க வேண்டும்.

மின்கலத்துக்கும் வெப்பம் பகையே. லித்தியம் மின்கலம் முழு நிரப்புடனும் சூட்டுடனும் நெடுநாள் இருந்தால் கொள்ளளவு குன்றும். சில தயாரிப்புகளில் 80 சதவிகிதத்தோடு நிரப்புதலை நிறுத்தும்படி லினக்ஸிலேயே அமைக்க இயலும். கணினியின் அடிப்பக்கம் புடைத்தோ, தொடுபலகை மேலெழும்பியோ காணப்பட்டால், வெப்பநிலை எதுவாயினும், அதை அன்றே உபயோகத்திலிருந்து விலக்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பருவந்தோறும் அறை வெப்பநிலை, சும்மா இருக்கும் அளவு, காணொளி ஓடும் அளவு என மூன்று எண்களைக் குறிக்கலாம். 2018 முதல் பள்ளிகளில் இயங்கும் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றத்தார் இதைச் செய்யத்தக்கவர்கள். சென்ற ஆண்டைவிடச் சும்மா இருக்கும் அளவு 10 டிகிரி கூடிய கணினிகளைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னரே தூசி நீக்க அனுப்பலாம்.